சி.பி. உள்ள 13 வயதுப் பையனுக்கு மோட்டார் பெடல் பயிற்சி: செய்தவர்கள் சொல்லுங்கள்

ஈரோட்டு அம்மா | திங்கள், இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படிப்பதோடு சரி, இன்றுதான் எழுதுகிறேன்.

என் மகனுக்கு 13 வயது. குறைமாதத்தில் பிறந்தவன். பெருமூளை வாதம் (சி.பி.). இரண்டு கை, இரண்டு கால் நாலிலுமே இறுக்கம். அசைவுத் திறனைப் பிரிக்கும் ஐந்து நிலைகளில் நாலாம் நிலை என்று ஃபைலில் எழுதியிருக்கிறார்கள் (ஒன்று லேசானது, ஐந்து கடுமையானது). சக்கர நாற்காலியில் பள்ளிக்குப் போகிறான். பேச்சு இல்லை, ஆனால் எல்லாம் புரியும். ஆமாம் என்றால் கண்ணை மேலே தூக்குவான், வேண்டாம் என்றால் இறுக மூடிக்கொள்வான்.

ஒரு வருடமாக நிலைமை மாறிவிட்டது. ஆள் திடீரென்று வளர்ந்துவிட்டான். போன தீபாவளிக்கு எடுத்த பேண்ட் கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. முன்பு நீட்டினால் நீண்ட முழங்கால் இப்போது மடங்கியே இருக்கிறது. டயப்பர் மாற்றத் தொடையை விரிப்பதற்குள் இரண்டு பேருக்கும் வியர்த்துவிடுகிறது. தினமும் இரண்டு வேளை அவன் கால்களை நீட்டிவிடுகிறேன். நான் பாயை விரிப்பதைப் பார்த்தாலே அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அப்புறம் நானும் அழுதுகொண்டேதான் செய்கிறேன்.

போன வாரம் பிசியோ ஒரு யோசனை சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாதத்தைப் பெடலில் கட்டிவிட்டால் மோட்டார் சுற்றுமாம். பையன் தானாக மிதித்தால் மோட்டார் அந்த அளவுக்கு ஒதுங்கிக்கொள்ளுமாம். என் மாமியார், "நடக்காத பிள்ளைக்கு சைக்கிள் எதுக்கு?" என்றார். வீட்டுக்காரர் விலையைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார்.

அவன் நடக்கப்போவதில்லை என்று எனக்கும் தெரியும். அதை ஒத்துக்கொள்ளவே எனக்குப் பல வருடம் ஆனது. அப்படியிருக்க இதில் அவனுக்கு என்ன கிடைக்கும்? எலும்புக்கு ஆபத்து வருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மதுரை பிசியோ | திங்கள், இரவு 11.25

அக்கா, முதலில் ஒன்று. 13 வயதில் இறுக்கம் கூடுவது உங்கள் தவறு இல்லை. மூளையில் பட்ட காயம் அப்படியேதான் இருக்கிறது, அது பெரிதாவதில்லை. ஆனால் எலும்பு வேகமாக நீளும்போது இறுகிய தசையால் கூடவே நீள முடிவதில்லை. உடம்பு கனக்கிறது, தூக்கி நிற்க வைப்பது கஷ்டமாகிறது, அதனால் அசைவு இன்னும் குறைகிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில்தான் 1997-ல் இந்த ஐந்து நிலைப் பிரிவை உருவாக்கினார்கள். அதே குழு பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தபோது, மூன்று, நான்கு, ஐந்தாம் நிலைப் பிள்ளைகளின் உடல் திறன் 7, 8 வயதில் உச்சம் தொட்டு, பிறகு பதின்வயதில் இறங்குவது தெரிந்தது. உங்கள் வீட்டில் நடப்பதும் அதுதான்.

பெடல் பயிற்சிக்கு முன்னால் இடுப்பு எக்ஸ்ரே எடுத்தீர்களா? இதைக் கேட்காமல் நான் யாரையும் ஆரம்பிக்க விடமாட்டேன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சி.பி. பிள்ளைகளை மொத்தமாகக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவருக்கும் சற்று அதிகமானவர்களுக்கு தொடை எலும்பின் பந்து இடுப்புக் கிண்ணத்தை விட்டு நகர்ந்திருந்தது. முதல் நிலையில் யாருக்கும் இல்லை, ஐந்தாம் நிலையில் பத்தில் ஒன்பது பேருக்கு. நாலாம் நிலையில் பார்க்காமல் இருக்கவே கூடாது. நீட்டும்போது அவன் அழுவது வெறும் இறுக்கத்தாலா, இடுப்பு வலியாலா என்றும் அதில் தெரிந்துவிடும்.

எலும்பைப் பற்றிக் கேட்டீர்கள். எடை தாங்கி நிற்காத பிள்ளைகளின் எலும்பு மெலிந்திருக்கும். பெடல் மெதுவாகச் சுற்றுவதைவிட, மடங்கிய காலை அவசரமாக இழுத்துக் கட்டுவதில்தான் எனக்குப் பயம் அதிகம். பாதத்தை வைக்கும்போது ஒருபோதும் பலவந்தம் கூடாது.

சேலம் அப்பா | செவ்வாய், காலை 6.50

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு 9 வயது இருக்கும்போது ஒரு மையத்தில் இதே மாதிரி இயந்திரத்தைக் காட்டி, ஆறு மாதத்தில் நடப்பாள் என்றார்கள். எழுதிக் கொடுக்கவில்லை, வாயால்தான் சொன்னார்கள். நகையை வைத்துப் பணம் கட்டினோம். தினமும் அரை மணி நேரம் காலைக் கட்டிவிட்டு, பயிற்சி கொடுக்க வேண்டிய பெண் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மோட்டார் சுற்றும், பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆறு மாதம் கழித்து எதுவும் மாறவில்லை.

நடக்காததற்கு நான் வருத்தப்படவில்லை. அந்த ஆறு மாதம் என் மகள் ஏதோ தான் சரியாகச் செய்யாததால்தான் நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். அது எனக்கு இன்றும் ஆறவில்லை. அதனால் கேட்கிறேன். இதற்கு உண்மையில் ஆதாரம் இருக்கிறதா?

மதுரை பிசியோ | செவ்வாய், மதியம் 2.10

சேலம் அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஓ.பி.யில் உட்கார முடியவில்லை. ஆறு மாதத்தில் நடப்பாள் என்று சொன்னவர் சொல்லக் கூடாததைச் சொல்லியிருக்கிறார்.

ஆதாரத்தை உள்ளபடி சொல்கிறேன். ஒரு காலத்தில் சி.பி. பிள்ளைகள் பலமாக முயற்சி செய்தால் இறுக்கம் கூடும் என்று நம்பிப் பயிற்சியையே தடுத்தார்கள். 1990-களில் டயான் டமியானோ போன்றவர்களின் ஆய்வுகள், பலப் பயிற்சியால் இறுக்கம் கூடுவதில்லை என்று காட்டிய பிறகுதான் கதவு திறந்தது. 2010-ல் அமெரிக்காவில் 62 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். எல்லோரும் நடக்கக்கூடியவர்கள், 7 முதல் 18 வயது. ஒரு குழு 12 வாரத்தில் 30 முறை நிலையான சைக்கிள் மிதித்தது. அந்தக் குழுவின் ஓட்டமும் பலமும் முன்பைவிடக் கூடின. ஆனால் மிதிக்காத குழுவோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியவில்லை. டமியானோவே பின்னால் மோட்டார் உதவியுள்ள சைக்கிளை வீட்டிலேயே 12 வாரம் கொடுத்துப் பார்த்தார். பழகிய வேலையில் தேறினார்கள், நடை அந்த அளவுக்கு மாறவில்லை.

உங்கள் பிள்ளைகளுக்கு நெருக்கமானது 2007-ல் இங்கிலாந்தில் வந்த ஆய்வு. நடக்க முடியாத 11 பதின்வயதினருக்கு, அவர்களுக்கேற்ப மாற்றிய நிலையான சைக்கிளில் வாரம் மூன்று முறை, ஆறு வாரம். அசைவுத் திறனை அளக்கும் மதிப்பெண் ஏறியது. சின்ன ஆய்வு, ஒப்பிட வேறு குழு இல்லை. ஆனாலும் இந்தப் பிள்ளைகளாலும் உழைக்க முடியும், உழைத்தால் உடம்பு பதில் சொல்லும் என்று அது காட்டியது.

நடையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு யோசியுங்கள். உங்கள் மகன் கடைசியாக எப்போது மூச்சு வாங்கினான், அக்கா? மற்ற 13 வயதுப் பையன்கள் கிரிக்கெட் ஆடிவிட்டு வந்து சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பார்களே, அந்த மாதிரி? பெரும்பாலான நாலாம் நிலைப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு நாளே வந்திருக்காது. அவர்களுக்கும் இதயம் இருக்கிறது, நுரையீரல் இருக்கிறது. உட்கார்ந்தபடி, விழுகிற பயமில்லாமல் பெரிய தசைகளை வேலை வாங்க பெடலைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் சேலம் அண்ணா சொன்ன காட்சி என்னை உறுத்துகிறது. மோட்டாரே எல்லாவற்றையும் சுற்றினால் அது கால் அசைவு மட்டும்தான். பிள்ளை மிதிக்க வேண்டும், நின்றுபோகிற இடத்தில் மட்டும் மோட்டார் கைகொடுக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும், போனை அல்ல.

டொரோண்டோ தமிழன் | செவ்வாய், இரவு 8.15

அக்கா, எங்கள் மகளுக்கு 15 வயது, மூன்றாம் நிலை. வாக்கர் பிடித்து நடப்பாள். இங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் மோட்டார் பெடல், வெயில் காலத்தில் இருவர் ஓட்டும் டான்டம் சைக்கிள். முன்னால் நான், பின்னால் அவள். இரண்டு பேரின் பெடலும் ஒரே சங்கிலியில் பிணைந்திருப்பதால் நான் மிதித்தால் அவள் காலும் சுற்றியே ஆக வேண்டும். அவள் மிதித்தால் எனக்குச் சுமை குறையும். அவள் உதவுகிறாள் என்பது என் தொடைக்குத் தெரியும், அது அவளுக்கும் தெரியும்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். ஜே ஆல்பர்ட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003-ல் பார்க்கின்சன் நோய் உள்ள ஒரு தோழியை டான்டத்தில் ஏற்றிக்கொண்டு அயோவா மாநிலத்தைக் குறுக்கே கடந்தார். வழியில் அந்தப் பெண்ணின் கையெழுத்து தெளிவாகியிருந்ததைக் கவனித்தார். பிறகு 10 நோயாளிகளை வைத்து எட்டு வாரம் ஆய்வு செய்தார். அவரவர் தானாக மிதிக்கும் வேகத்தைவிட 30 சதவீதம் கூடுதலாக, துணையோடு மிதித்தவர்களுக்குக் கை நடுக்கமும் விறைப்பும் குறைந்தன. 2009-ல் வெளிவந்தது.

எங்கள் மகளுக்குக் கிடைத்த பலன் நான் எதிர்பார்த்ததல்ல. மலச்சிக்கல் குறைந்தது. இரவில் மூன்று முறை எழுப்புகிறவள் ஒரு முறைதான் எழுப்புகிறாள். அதை வேறு யாரிடமும் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்ல முடியாது, இங்கேதான் புரிந்துகொள்வீர்கள்.

மதுரை பிசியோ | செவ்வாய், இரவு 9.05

டான்டம் அனுபவத்துக்கு நன்றி அண்ணா. ஒரு எச்சரிக்கை மட்டும். அந்த வேகக் கணக்கு பார்க்கின்சனுக்கு. சி.பி. இறுக்கத்தின் குணமே வேறு, தசையை எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு எதிர்த்து இறுகும். நாலாம் நிலைப் பையனை எடுத்தவுடன் வேகமாகச் சுற்றினால் கால் கத்தரி மாதிரி பின்னிக்கொள்ளும். நல்ல இயந்திரங்கள் அந்த இறுக்கத்தை உணர்ந்து நின்று, திருப்பிச் சுற்றி விடுவிக்கும். எந்த இயந்திரம் வாங்கினாலும் இந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். நான் நிமிடத்துக்கு 15, 20 சுற்றில் ஆரம்பிப்பேன். கால் தளர்ந்த பிறகுதான் கூட்டுவேன்.

கோவை பட்டறை | புதன், காலை 7.30

வணக்கம் தங்கச்சி. எனக்குச் சொந்தமாக வெல்டிங் பட்டறை. மோட்டார் மெஷின் வாங்க வசதியில்லாமல், மகனுக்காக மூன்று சக்கர சைக்கிள் ஒன்றை நானே மாற்றினேன். அவனுக்கு 16 வயது, நாலாம் நிலைதான்.

சாதாரண சைக்கிளில் ஃப்ரீவீல் இருக்கும். மிதிப்பதை நிறுத்தினால் பெடல் நின்றுவிடும், சக்கரம் ஓடும். நம் பிள்ளைகள் பெடல் உச்சிக்கு வந்ததும் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள், தாண்ட பலம் இருக்காது. அதனால் ஃப்ரீவீலை வெல்டிங் வைத்துப் பூட்டிவிட்டேன். இப்போது நான் பின்னாலிருந்து தள்ளினால் சக்கரத்தோடு பெடலும் சுற்றும், அந்த உச்சியை அவன் கால் தானாகக் கடக்கும். ஆனால் ஜாக்கிரதை. வண்டி ஓடும்வரை பெடல் நிற்காது. ஒரு நாள் பாதம் பட்டையிலிருந்து நழுவி, பெடல் கெண்டைக்காலில் அடித்துவிட்டது. என் தப்புத்தான், பட்டையைச் சரியாகப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு குதிகாலைத் தாங்கும்படி தகடு வளைத்துப் போட்டு, கணுக்காலுக்கும் முன்பாதத்துக்கும் தனித்தனிப் பட்டை வைத்தேன். சங்கிலிக்கு முழு மூடி போட்டேன். தள்ளுகிற கைப்பிடியிலேயே பிரேக்.

கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) நீளம் முக்கியம். பெரியவர்கள் சைக்கிளில் 170 மி.மீ. இருக்கும். அந்த வட்டத்துக்கு முழங்கால் மார்பு வரை வர வேண்டும், இவர்களால் முடியாது. 110-ல் புதிதாகத் துளை போட்டு மரை வெட்டினேன். வட்டம் சின்னதானதும் அவன் முகமே மாறிவிட்டது. சீட்டைத் தள்ளி வைக்கும்போது, பெடல் கடைசித் தூரத்தில் இருந்தாலும் முழங்காலில் கொஞ்சம் மடிப்பு மீதி இருக்க வேண்டும்.

கோவைப் பக்கம் வந்தால் பட்டறைக்கு வந்து பாருங்கள். அளவு எடுத்துத் தருகிறேன், காசு வேண்டாம்.

சொல்லவும் தெரியும் | புதன், இரவு 11.50

நான் இங்கே பெற்றோர் இல்லை. எனக்கு 27 வயது, எனக்கே சி.பி. கண்ணசைவில் தட்டச்சு செய்கிறேன், அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன்.

என் சின்ன வயது முழுவதும் பாய்தான். யாராவது என்னைப் படுக்க வைத்துக் காலை இழுப்பார்கள். அன்பாகத்தான் இழுத்தார்கள். ஆனால் 15 வயதுவரை என் உடம்பில் நடந்த எதையும் நான் செய்ததில்லை, எனக்குச் செய்யப்பட்டது. முதல் முறை பெடலில் கட்டியபோது திரையில் இடது, வலது என்று இரண்டு கோடு வந்தது. நான் அழுத்தினால் கோடு நகர்ந்தது. என் வலது கால் வேலை செய்கிறது என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

ஈரோட்டு அம்மா, உங்கள் மகன் கண்ணால் பதில் சொல்வான் என்று எழுதினீர்கள். இத்தனை பேர் பேசிவிட்டோம். அவனிடம் கேட்டீர்களா? எப்போது நிறுத்த வேண்டும் என்று அவன் சொல்ல ஒரு வழி முதல் நாளே வைத்துவிடுங்கள். அவன் நிறுத்தச் சொன்னால் "இன்னும் ரெண்டே நிமிஷம்" என்று சொல்லாதீர்கள். அந்த இரண்டு நிமிடத்தில் நம்பிக்கை போய்விடும்.

அப்புறம், கைகால் அசையும்போது வலியும் வரும், அதுவும் உண்மை. மறுநாள் சோர்ந்து கிடந்தால் சோம்பல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சேலம் அப்பா | வியாழன், காலை 5.40

தம்பி, நீங்கள் எழுதியதை என் மகளுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு இப்போது 14. "அப்பா, அந்த மெஷின்ல கோடு எதுவும் காட்டலையே" என்றாள். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

திருச்சி சித்தி | வியாழன், மாலை 4.20

என் அக்கா மகனுக்கு வலிப்பும் உண்டு. செய்யலாமா? செலவுக்கு வழி இருக்கிறதா?

மதுரை பிசியோ | வியாழன், இரவு 9.30

சி.பி. பிள்ளைகளில் நிறையப் பேருக்கு வலிப்பு உண்டு, அதற்காகப் பயிற்சியை விட வேண்டியதில்லை. மாத்திரை ஒழுங்காகப் போகிறதா, அடிக்கடி வருகிறதா என்று நரம்பியல் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பட்டைகள் ஒரே இழுப்பில் கழல வேண்டும், ஆள் கண் பார்வையில் இருக்க வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகட்டும். எதுக்களித்தல் பல பேருக்கு இருக்கும்.

செலவுக்கு, தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-ன் கீழ் சி.பி. உள்ளவர்களுக்கு நிராமயா காப்பீடு உண்டு. வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிக்கும் அதில் ஒதுக்கீடு உண்டு. இயந்திரம் வாங்கத் தராது. அதனால் வாங்கும் முன் ஒரு மாதமாவது மையத்தில் செய்து பாருங்கள். சென்னைப் பக்கம் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனம் இருக்கிறது, தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. முழு மதிப்பீட்டுக்கு அங்கெல்லாம் போகலாம்.

எவ்வளவு நேரம் என்று தனியாகக் கேட்டிருந்தார்கள். 2016-ல் வெளிவந்த சி.பி. உடற்பயிற்சிப் பரிந்துரைப்படி வாரம் ஒன்றிரண்டு முறை ஆரம்பித்து மூன்றுக்குப் போகலாம், ஒவ்வொரு முறையும் 20 நிமிடமாவது, குறைந்தது எட்டு வாரம் விடாமல். நாலாம் நிலைக்கு முதல் நாளே 20 நிமிடம் வராது. மூன்று நிமிடம் மிதித்து இரண்டு நிமிடம் ஓய்வு என்று சேர்த்துக் கொண்டுபோங்கள்.

ஈரோட்டு அம்மா | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் பதில் சொல்லாமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும்.

எக்ஸ்ரே எடுத்தோம். இடது இடுப்பு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. எலும்பு மருத்துவர் இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், ஆறு மாதத்தில் திரும்பப் பார்க்கலாம், பெடல் செய்யலாம், ஆனால் இடது காலை அகட்டி வைத்துத்தான் கட்ட வேண்டும் என்றார். மதுரை தங்கை கேட்காமல் இருந்திருந்தால் நான் இதைத் தெரிந்துகொண்டிருக்கவே மாட்டேன்.

அப்புறம் மகனிடம் கேட்டேன். போட்டோவைக் காட்டி, வேண்டுமா என்றேன். உடனே பதில் சொல்லவில்லை. ராத்திரி படுக்கப்போகும்போது போட்டோவையே பார்த்துக் கண்ணை மேலே தூக்கினான். இரண்டு முறை.

இங்கே ஒரு மையத்தில் வாரம் மூன்று நாள் போகிறோம். முதல் நாள் பெடல் அசைந்ததுமே கால் விறைத்து, இயந்திரம் நின்று பின்னால் சுற்றியது. அவன் பயந்துவிட்டான். கண்ணை மூடினான், நிறுத்தினோம். மறுமுறை முழங்கால்களுக்கு நடுவில் துண்டைச் சுருட்டி வைத்தோம், வெந்நீரில் குளிக்க வைத்துக் கூட்டிப்போனோம். நாலு நிமிடம் போனது. மூன்றாம் வாரம், அவன் மிதிப்பதில் எந்தக் காலின் பங்கு எவ்வளவு என்று திரையில் வலது 80, இடது 20 என்று வந்தது. இடது பக்கம் ஒன்றுமே இல்லை என்று நினைத்திருந்தேன். 20 இருக்கிறது!

போன வெள்ளிக்கிழமை 17 நிமிடம். முடிக்கும்போது கன்னம் சிவந்து, கழுத்தெல்லாம் வியர்வை, வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். நான் பயந்து நிறுத்தப் போனேன். பிசியோ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனைப் பாருங்கம்மா" என்றார். கண் மேலே இருந்தது. வீட்டுக்கு வந்து ஸ்பவுட் டம்ளரில் இரண்டு முறை தண்ணீர் கேட்டுக் குடித்தான். மாமியார்தான் ஊட்டிவிட்டார். குடித்து முடித்ததும் தன் சேலைத் தலைப்பால் அவன் கழுத்தைத் துடைத்துவிட்டார். சைக்கிள் எதுக்கு என்று இப்போது கேட்பதில்லை.

முழங்கால் இன்னும் முழுதாக நீளவில்லை. டயப்பர் மாற்றுவது மட்டும் பெடல் நாட்களில் கொஞ்சம் சுலபமாக இருக்கிறது, மறுநாள் காலை பழையபடி. பாயை நான் இன்னும் விரிக்கிறேன், ஆனால் ஒரு வேளைதான். வீட்டுக்காரர் போன ஞாயிற்றுக்கிழமை கோவைக்குப் போய்ப் பட்டறை அண்ணனைப் பார்த்து, கிராங்க் அளவு எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். என்னிடம் சொல்லாமலே போனார்.

ஒரே ஒரு சந்தேகம். ஸ்பிளின்ட் (பாதத்தையும் கணுக்காலையும் தாங்கிப் பிடிக்கும் கவசம்) போட்டால் அவன் ஷூ பெடல் தகட்டில் உட்காரவில்லை. கழற்றினால் பாதம் கீழே சரிகிறது. என்ன செய்வது?

மதுரை பிசியோ | ஞாயிறு, இரவு 10.00

கழற்ற வேண்டாம் அக்கா. ஸ்பிளின்ட்டோடே வைத்து, ஒரு சைஸ் பெரிய ஷூ வாங்குங்கள், முன்பக்கம் முழுதாகத் திறக்கிற மாதிரி. உள் அட்டையை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும். பயிற்சி முடிந்ததும் குதிகாலையும் கணுக்கால் எலும்பு மேலேயும் பாருங்கள், சிவப்பு 20 நிமிடத்தில் மறையாவிட்டால் ஸ்பிளின்ட் செய்தவரிடம் காட்ட வேண்டும்.

கோவை பட்டறை | திங்கள், காலை 7.15

தங்கச்சி, அந்த ஷூவை வாங்கியதும் அடிப்பக்கத்தைக் காகிதத்தில் வரைந்து போட்டோ அனுப்புங்கள். தகட்டை அதற்குத் தகுந்த மாதிரி வெட்டி வைக்கிறேன்.